தமிழ் இணையப் பக்கத்தில் வரி முறிப்பு: புள்ளி எழுத்து வரித் தொடக்கத்தில் வராமல் இருக்க என்ன செய்யலாம்?

தோட்டப்பதிவர் (சுங்கை சிப்புட், பேரா)

அனைவருக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களின் நினைவுகளையும் பழைய ஆவணங்களையும் தொகுத்து ஓர் இணையத்தளம் நடத்தி வருகிறோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பின்னர் லயங்களை விட்டு ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் குடிபெயர்ந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமே எங்கள் வாசகர்கள். அவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில்தான் படிக்கிறார்கள். முதியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொள்வதால் ஒரு வரியில் மூன்று சொற்கள் அமைவதே அரிதாகிவிடுகிறது.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ‘தோட்டத்தொழிலாளர்களுக்கிடையேயான’ என்பது போன்ற நீண்ட சொல் வரியின் மீதி இடத்தில் அடங்காதபோது, அது முழுவதும் அடுத்த வரிக்குத் தள்ளப்படுகிறது. இரண்டு ஓரங்களும் நேராக நிற்குமாறு பக்கத்தை அமைத்திருப்பதால், மேல் வரியில் எஞ்சிய இரண்டு சொற்களும் ஆளுக்கொரு மூலைக்கு இழுக்கப்பட்டு நடுவில் பெரும் வெற்றிடம் விழுகிறது. இதைத் தவிர்ப்பதற்காக, வார்ப்புருவை அமைத்தவர் ‘வேர்ட்-பிரேக்: பிரேக்-ஆல்’ என்னும் கட்டளையை அதில் சேர்த்திருக்கிறார். வெற்றிடம் மறைந்தது, ஆனால் சொற்கள் கண்ட இடத்தில் வெட்டுப்படுகின்றன. ‘தொழிலாள’ ஒரு வரியிலும் ‘ர்களுக்கு’ அடுத்த வரியிலும் நிற்கின்றன. கோயில் பக்கத்தில் ‘ஸ்ரீ மகா மாரியம்மன்’ என்னும் பெயரின் தொடக்கமே ‘ஸ்’ என்றும் ‘ரீ’ என்றும் இரண்டு வரிகளில் பிரிந்து கிடக்கிறது. அம்மன் பெயரை இப்படிப் போடலாமா என்று கோயில் நிர்வாகத்தினர் கேட்பது முற்றிலும் நியாயமானது.

தமிழ்ச் சொல்லை வரி முடிவில் எந்த இடத்தில் பிரிக்கலாம், பிரித்த இடத்தில் சிறுகோடு இட வேண்டுமா, இவற்றை உலாவிக்கு எப்படித் தெரிவிப்பது என்ற மூன்றையும் அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும். ‘துன் வீ. தி.’ ஒரு வரியிலும் ‘சம்பந்தன்’ அடுத்த வரியிலும் வருவதையும், ‘1948-’ என்பதற்குக் கீழே ‘ஆம் ஆண்டு’ தனித்து வருவதையும் தடுக்க முடியுமா என்றும் சொல்லுங்கள்.

இணையத்தச்சர் (பினாங்கு)

வணக்கம். கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் ஒலிப்பில் எழுதுகிறேன். நிரலில் அவற்றின் மூல எழுத்திலேயே இடுங்கள்.

முதலில் அந்த ‘பிரேக்-ஆல்’ கட்டளையை நீக்கிவிடுங்கள். உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினிக் குறியெண் வழங்கும் யூனிகோட் அமைப்பின் வரி முறிப்பு விதிகள், அதாவது 14ஆம் எண் இணைப்பு, ஒவ்வோர் எழுத்தையும் ஒரு வகுப்பில் வைக்கின்றன. சீன எழுத்துகளுக்கு உரிய வகுப்பில் எந்த இரண்டு எழுத்துகளுக்கு நடுவிலும் வரியை முறிக்கலாம். நம் ஊர்ச் சீன நாளிதழ்களைப் பார்த்தாலே இது விளங்கும். தாய்லாந்து எழுத்து சொற்களுக்கிடையே இடம் விடாமல் எழுதப்படுவதால், அதற்கு அகராதியின் துணை தேவை என்று விதி சொல்கிறது. தமிழ் எழுத்துகளோ ரோமன் எழுத்துகள் இருக்கும் அதே பொது வகுப்பில் இருக்கின்றன. அதனால் சொற்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் மட்டுமே வரி இயல்பாக முறியும். ‘பிரேக்-ஆல்’ இந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டுத் தமிழையும் சீனத்தைப் போல நடத்துமாறு உலாவிக்கு ஆணையிடுகிறது. சீனத்துக்குப் பொருத்தமான அந்த நடைமுறை நமக்குப் பொருந்தாது.

அப்போதும் கொம்பும் காலும் தம் எழுத்தை விட்டுப் பிரிவதில்லை. ‘கொ’ என்பது யூனிகோடில் இரண்டு குறியெண்களால் ஆனது என்றாலும், உலாவி அதை ஒரே கொத்தாகக் கொள்வதால் அது உடையாது. ‘ர்’ என்பதும் அவ்வாறே ஒரு கொத்துதான். ஆனால் ஒரு கொத்து வரியின் தொடக்கத்தில் வரத் தகுதியுடையதா என்பதைக் கொத்துக் கணக்கு பார்ப்பதில்லை. அதனால்தான் ‘ர்களுக்கு’ என்று ஒரு வரி தொடங்குகிறது. ‘ஸ்ரீ’யில் ஸ், ரீ என இரண்டு கொத்துகள் உள்ளன. 2023இல் வெளிவந்த யூனிகோட் 15.1 பதிப்பு தேவநாகரி, வங்காளம், தெலுங்கு, மலையாளம் முதலியவற்றின் கூட்டெழுத்துகளை ஒரே கொத்தாக்கும் விதியைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. தமிழில் புள்ளி பெரும்பாலும் மெய்யைத் தனித்துக் காட்டுவதற்கே பயன்படுகிறது என்பதால் அது சரியான முடிவுதான். ஆயினும் ‘ஸ்ரீ’யும் ‘க்ஷ’வும் அதற்கு விலக்கு, அவற்றை நாமே காத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, பக்கத்தின் மூலக்குறிப்பைத் திறந்து மொழி எதுவென்று அறிவிக்கும் ‘லாங்’ பண்பைப் பாருங்கள். நான் பார்த்த தமிழ்த் தளங்களில் பல, வார்ப்புருவோடு வந்த ஆங்கிலக் குறியீட்டையே இன்னும் வைத்திருக்கின்றன. உலாவி தானாகச் சொல்லைப் பிரிப்பதற்கு ‘ஹைஃபன்ஸ்: ஆட்டோ’ என்னும் கட்டளை உண்டு; ஆனால் சொல்லை எங்கே பிரிக்கலாம் என்று கூறும் விதிக்கோப்பை எந்த மொழிக்கு எடுப்பது என்பதை அது ‘லாங்’ பண்பைக் கொண்டே முடிவு செய்கிறது. மொழி ஆங்கிலம் என்று அறிவிக்கப்பட்ட பக்கத்தில் தமிழ் விதிக்கோப்பு தேடப்படுவதே இல்லை. பார்வைக் குறையுள்ளவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் எந்தக் குரலில் படிப்பது என்பதை இதே பண்பைக் கொண்டே அறிகிறது. ஆகவே பக்கம் முழுவதற்கும் தமிழ்க் குறியீட்டை இட்டு, நடுவே மலாய்ப் பத்தி வருமானால் அந்தப் பத்திக்கு மட்டும் மலாய்க் குறியீட்டை இடுங்கள்.

தலைப்பெழுத்துச் சிக்கல் எளிது. ‘வீ.’, ‘தி.’, ‘சம்பந்தன்’ ஆகியவற்றுக்கு நடுவில் சாதாரண வெற்றிடத்துக்குப் பதிலாக முறியா வெற்றிடத்தை, அதாவது   என்பதை இடுங்கள். நம் நாட்டு வழக்கப்படி ‘வீ.தி.சம்பந்தன்’ என்று இடமே விடாமல் எழுதினாலும் உலாவி அதை முறிக்காது. ‘ரி.ம.’ என்பதற்கும் தொகைக்கும் நடுவிலும் முறியா வெற்றிடம் தேவை. ஆண்டைப் பொறுத்தவரை, சிறுகோட்டுக்குப் பின் எழுத்து வந்தால் அங்கே வரியை முறிக்க விதி இடம் தருகிறது. சிறுகோடு இல்லாமல் ‘1948ஆம்’ என்று சேர்த்து எழுதினால் எண்ணும் எழுத்தும் பிரியா. சிறுகோடு வேண்டுமென்றால் முறியாச் சிறுகோடாகிய ‑ இருக்கிறது.

எந்த இடத்தில் பிரிக்கலாம் என்னும் முதல் கேள்வியைத் தமிழ் கற்பிப்பவர்களுக்கு விடுகிறேன்.

தமிழாசிரியை (தைப்பிங்)

வணக்கம். அந்தக் கேள்விக்கான விடை நம் மாணவர்களின் யாப்புப் பாடத்திலேயே இருக்கிறது. செய்யுளை அலகிடும்போது சொல்லை அசை அசையாகப் பிரிக்கிறோம். குறிலோ நெடிலோ தனித்து வந்தால் நேர். இரண்டு குறில் இணைந்தும், குறிலை அடுத்து நெடில் வந்தும் நின்றால் நிரை. பின்னால் வரும் ஒற்று எப்போதும் தனக்கு முன் நிற்கும் எழுத்தோடு சேரும். ஒற்று புதிய அசையைத் தொடங்குவதே இல்லை. மெய் மொழிக்கு முதலில் வராது என்று இலக்கணம் சொல்வதும் இதே காரணத்தால்தான்: முன் உயிரின் துணையில்லாமல் நம் நாவில் அது நிற்பதில்லை.

நீங்கள் காட்டிய சொல்லையே எடுத்துக்கொள்வோம். தோட் / டத் / தொழி / லா / ளர் / களுக் / கிடை / யே / யா / ன. இந்த இடங்களில் எங்கே முறித்தாலும் வாசிப்பவரின் நாக்கு இடறாது. ‘தொழிலாளர்’ என்று ஒரு வரி முடிந்து ‘களுக்கிடையேயான’ என்று அடுத்தது தொடங்கினால் கண்ணும் தயங்காது. ‘தொழிலாள’ என்று முடிந்தால், வாய் அந்த ‘ள’வை அகர ஒலியோடு முடித்துவிட்டு, அடுத்த வரிக்குப் போனதும் அதைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாய்விட்டுப் படிக்கும் சிறு பிள்ளைகளிடம் இதை நேரடியாகக் கேட்கலாம்.

நிரையசையைப் பிரிக்காமல் வைப்பதிலும் நன்மை இருக்கிறது. ‘கிராணி’ என்னும் சொல்லைக் ‘கி’ என்றும் ‘ராணி’ என்றும் பிரித்தால் படிப்பவர் என்ன நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. அசைப்படி அது கிரா / ணி. ‘கங்காணி’யோ கங் / கா / ணி, ‘க’வை மட்டும் மேல் வரியில் விட்டு ‘ங்காணி’யைக் கீழே தள்ளும் பிழை அசை விதியில் நிகழவே முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இச்சொல்லைத் ‘தோட்டத் தொழிலாளர்களுக்கு இடையேயான’ என்று இடம் விட்டே எழுதலாம். வல்லின ஒற்று முதற்சொல்லின் இறுதியில் நிற்கும். பொருளும் கெடாது, உலாவிக்கும் வரியை முறிக்க இரண்டு இடங்கள் கிடைக்கும். எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுவதுதான் நல்ல தமிழ் என்னும் எண்ணம் நம்மிடையே வலுவாக இருக்கிறது; கைப்பேசித் திரைக்கு எழுதும்போது அதைச் சற்றுத் தளர்த்துவது வாசகருக்குச் செய்யும் உதவியாகும். ஆனால் ‘தொழிலாளர் களுக்கு’ என்பதைப் போல விகுதியைப் பிரித்து எழுதுவதை ஒருபோதும் ஏற்க முடியாது.

ஈயக்கோப்பாளர் (ஈப்போ)

தம்பிக்கு வணக்கம். ஈப்போவில் ஓர் அச்சகத்தில் நெடுங்காலம் எழுத்துக் கோத்தவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்கிறேன்.

ஆசிரியை சொன்ன ஒற்று விதி, எழுத்துக் கோப்பவர்கள் முதலில் கற்கும் விதி. ஈயத்தில் ‘ர்’ தனி வார்ப்பாக இருக்கும். கோக்கும் கோலில் அதை எங்கே வைக்கவும் கையால் முடியும், தடுப்பது எதுவுமில்லை. எனவே தடுப்பு கோப்பவரின் பழக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது. புள்ளி எழுத்தில் வரியைத் தொடங்கியவனை மூத்தவர்கள் அந்த வரியை அவிழ்த்து மறுபடி கோக்கச் சொல்வார்கள். இரண்டாவது விதி, சொல்லின் ஓர் எழுத்தை மட்டும் எந்த வரியிலும் அநாதையாக விடக் கூடாது என்பது. ஆசிரியை காட்டிய பிரிப்பில் கடைசியில் நிற்கும் ‘ன’ அசைதான் என்றாலும், அதை மட்டும் அடுத்த வரிக்கு அனுப்பக் கூடாது.

சொல்லுக்கு முதலில் வாரா எழுத்துகளான ண, ழ, ள, ற, ன முதலியவை வரிக்கும் முதலில் வரக் கூடாது என்று சிலர் கடுமையாகச் சொல்வதுண்டு. அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்த விதியைப் பிடித்தால் ‘தொழிலா / ளர்’ என்பதும் ‘கங்கா / ணிகள்’ என்பதும் தவறாகிவிடும். குறுகிய பத்தியில் பிரிக்கவே இடம் கிடைக்காது. தொடர்ந்து வரும் சொல்லின் நடுப்பகுதி என்பது வாசகருக்குத் தெரிகிற வரையில் அவ்வெழுத்துகள் வரித் தொடக்கத்தில் நிற்பதில் குற்றமில்லை. மேலும் ரவாங், லூனாஸ், டிங்கில் என்று ஊர்ப் பெயர்களை அன்றாடம் எழுதும் நம் கண்ணுக்கு ர, ல, ட ஆகியவை முதலில் நிற்பது புதிதுமல்ல.

சிறுகோட்டைப் பற்றித் தமிழ் அச்சில் இரண்டு வழக்குகளும் உண்டு. கோடு இல்லாமல் பிரித்துவிட்டுப் போகும் இதழ்களும் உள்ளன. கோடு இடும் நூல்களும் உள்ளன. ஓலைச்சுவடியில் சொற்களுக்கு நடுவே இடமே விடாமல் எழுதி, ஓலை முடிந்த இடத்தில் அடுத்த வரிக்குப் போனார்கள். அங்கே கோட்டுக்குத் தேவையே எழவில்லை. சொற்களுக்கு நடுவில் இடம் விடத் தொடங்கிய பிறகு நிலைமை மாறிவிட்டது. திருவிழா அறிவிப்பில் ‘பலகாரங்கள்’ என்னும் சொல் வரி முடிவில் வந்து, ‘பல’ மேலும் ‘காரங்கள்’ கீழுமாகக் கோடின்றி நின்றால், அது இரண்டு சொல்லாகவே படிக்கப்படும். அசைப்படி அந்தப் பிரிப்பு சரிதான், பொருள்தான் தவறிப்போகிறது. ஆகையால் நான் கோட்டின் பக்கம் நிற்கிறேன். கோடு ஒரு சிறிய அடையாளம், சொல் இன்னும் முடியவில்லை என்பதை அது கண்ணுக்குச் சொல்லிவிடுகிறது.

இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்ற பிடிவாதத்தைக் கைப்பேசிக்காவது விட்டுவிடுங்கள், தம்பி. ஈயத்தில் ஒரு வரியில் வெற்றிடம் பெரிதானால், மேலே கோத்த இரண்டு மூன்று வரிகளைத் திரும்பப் பிரித்து, ஒரு சொல்லைக் கீழே இறக்கி, மெல்லிய இடைத்தகடுகளைப் பரப்பி, பத்தி முழுவதையும் சமன் செய்வோம். உலாவி அப்படிச் செய்கிறதா என்பதை இணையத்தச்சர்தான் சொல்ல வேண்டும். செய்யவில்லையென்றால், மூன்று சொல் அடங்கும் வரியில் நேரான வலது ஓரத்துக்காக வாசகர் வெற்றிடங்களைத் தாண்டித் தாண்டிப் படிப்பது தேவையற்ற துன்பம். இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும்.

தோட்டப்பதிவர்

ஐயா அவர்களுக்கும் ஆசிரியை அவர்களுக்கும் இணையத்தச்சருக்கும் மிக்க நன்றி. மொழிக் குறியீட்டை மாற்றி, ‘பிரேக்-ஆல்’ கட்டளையை நீக்கி, வலது ஓரத்தைத் தளர்த்திவிட்டோம். ‘ஹைஃபன்ஸ்: ஆட்டோ’ இட்ட பிறகு ஆண்ட்ராய்டு கைப்பேசியில் சொற்கள் பிரிகின்றன, ஆனால் வேறொரு கணினியில் இன்னோர் உலாவியில் திறந்தால் எதுவும் பிரியவில்லை. எல்லா வாசகர்களுக்கும் ஒரே தோற்றம் கிடைக்க வழி உண்டா? உரைக்குள்ளேயே பிரிப்புக் குறிகளை இட்டுவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். எங்கள் தளத்தில் பெயர் தேடும் வசதி இருக்கிறது. பாட்டனாரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் இட்டுத் தேடுபவர்கள் மிகுதி. அந்தக் குறிகள் தேடலைக் கெடுத்துவிடுமோ என்று அஞ்சுகிறோம்.

இணையத்தச்சர்

உங்கள் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது; அதற்கு முன் உலாவிகள் ஏன் வேறுபடுகின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சொற்பிரிப்புக்கான விதிக்கோப்பு முறையை உருவாக்கியவர் ஃபிராங்க்ளின் லியாங். டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளுக்காக, டானல்ட் கனூத்தின் வழிகாட்டலில், 1983இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த ஆய்வேடு அது. எழுத்துகளுக்கு நடுவே எண்களை இட்டுச் சிறு துண்டுகளாக விதிகளை எழுத வேண்டும். ஒற்றைப்படை எண் ‘இங்கே பிரிக்கலாம்’ என்றும் இரட்டைப்படை எண் ‘இங்கே பிரிக்காதே’ என்றும் பொருள்படும். ஓர் இடத்தில் பல விதிகள் மோதினால் பெரிய எண்ணே வெல்லும். இதைத் தமிழில் பாருங்கள். ‘1த’ என்னும் விதி ‘த’வுக்கு முன் பிரிக்கலாம் என்கிறது. ‘2த்’ என்னும் விதி, அந்தத் ‘த’ புள்ளி பெற்றிருந்தால் அதற்கு முன் பிரிக்காதே என்கிறது. ‘தோட்டத்தொழிலாளர்’ என்பதில் முதலாவது ‘த்’துக்கு முன்னால் இரண்டு விதிகளும் பொருந்துகின்றன, 2 பெரியது என்பதால் அங்கே பிரிவு தடைப்படுகிறது. அடுத்த ‘தொ’வுக்கு முன்னால் முதல் விதி மட்டுமே பொருந்துவதால் பிரிவு நிகழ்கிறது. ‘ஸ்2ரீ’, ‘க்2ஷ’ என்று மேலும் இரண்டு விதிகளைச் சேர்த்தால் கோயில் பெயரும் காப்பாற்றப்படும்.

ஆங்கிலத்தின் எழுத்துக்கோவையைப் பார்த்து அசை எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாததால், டெக்கின் ஆங்கில விதிக்கோப்பில் 4,447 துண்டுகள் உள்ளன. நம் எழுத்து முறையோ உயிர்மெய்யையும் ஒற்றையும் கண்ணுக்குத் தெரியும்படி வேறுபடுத்திவிடுவதால், எழுத்துப் பட்டியலின் அளவுக்கு விதிகள் இருந்தாலே போதும். தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றுக்குச் சந்தோஷ் தோட்டிங்கல் உருவாக்கிய விதிக்கோப்புகள் டெக்கிலும் பின்னர் ஆண்ட்ராய்டிலும் இடம்பெற்றுள்ளன. உங்கள் கைப்பேசியில் சொற்கள் பிரிவதற்கு அதுவே காரணம். எல்லா உலாவிகளும் தமிழ் விதிக்கோப்பைக் கொண்டிருப்பதில்லை. ‘ஹைஃபன்ஸ்’ கட்டளையை அறிந்த உலாவியா என்று ‘சப்போர்ட்ஸ்’ சோதனையின் மூலம் கேட்டாலும், கட்டளை தெரியும் என்ற விடை மட்டுமே வரும். தமிழ் தெரியுமா என்பதற்கு விடை வராது.

எல்லா இடத்திலும் ஒரே தோற்றம் வேண்டுமானால் மறைந்த சிறுகோட்டை, அதாவது ­ என்னும் குறியை, பிரிக்கத்தக்க இடங்களில் நாமே இடலாம். வரி அங்கே முறிந்தால் மட்டும் கோடு தோன்றும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதைச் சேமித்து வைத்திருக்கும் உரையில் ஒருபோதும் இடாதீர்கள். உலாவியின் உள்தேடல் பொதுவாக அக்குறியைப் பொருட்படுத்துவதில்லை. உங்கள் தரவுத்தளத் தேடலோ, நீங்கள் சொல்லிக்கொடுக்காத வரையில், குறியுள்ள சொல்லையும் குறியற்ற சொல்லையும் இருவேறு சொற்களாகவே கருதும். பத்தியை நகலெடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒட்டுபவர்களிடமும் அந்தக் குறிகள் மறைவாகப் போய்ச் சேரும். எனவே சேமித்த உரை தூய்மையாக இருக்கட்டும்; பக்கம் வாசகருக்குச் செல்லும் அந்த நேரத்தில் ஒரு சிறு நிரல் குறிகளை இடட்டும். ஆசிரியை சொன்ன அசைப் பிரிப்பை அந்த நிரலிலேயே செய்யலாம். சொல்லை இடமிருந்து வலமாகப் படித்து, குறில், நெடில், ஒற்று என்று அடையாளம் கண்டு, அசை முடியும் இடத்தில் குறியிட்டு, முதலிலும் இறுதியிலும் ஓர் எழுத்து தனித்து நிற்கும் இடங்களை விட்டுவிட வேண்டும். குறிலிணை எங்கே தொடங்குகிறது என்பது முன்னே வந்த அசைகளைப் பொறுத்தது என்பதால், அதை லியாங் விதிகளில் எழுதுவது கடினம், நிரலில் எளிது. எழுதத் தெரிந்தவர் கிடைக்காவிட்டால், தமிழ் விதிகளைக் கொண்ட ஹைஃபனோபோலி என்னும் ஆயத்த நிரலைப் பயன்படுத்தலாம். அது உலாவிக்குள்ளேயே இந்த வேலையைச் செய்துவிடும்.

மறைந்த சிறுகோட்டுக்குப் பதில் அகலமில்லா வெற்றிடமாகிய ​ என்பதை இடுமாறு சிலர் அறிவுறுத்துவார்கள்; கோடு தோன்றாது என்பதே அவர்கள் காரணம். அதைத் தவிர்த்துவிடுங்கள். அது சொல்லின் எல்லையைக் குறிக்கும் எழுத்து. தேடலும் திரைவாசிப்பானும் ஒரு சொல்லை இரண்டாகக் கொள்ள அது வழிவகுக்கும். கோடு வேண்டாம் என்பதுதான் நோக்கமென்றால், ‘ஹைஃபனேட்-கேரக்டர்’ என்னும் பண்புக்கு வெற்று மதிப்பைத் தந்தாலே போதும். ஆண்ட்ராய்டின் சொந்த உரையமைப்புப் பொறி தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு எழுத்துகளுக்கும் கோடு இடாமலே பிரிக்கும் வகையில் எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் ஐயா காட்டிய ‘பலகாரங்கள்’ என்னும் எடுத்துக்காட்டைப் படித்த பிறகு, தோட்ட வரலாறு போன்ற நீள் உரைக்குக் கோடு இருப்பதே நல்லது என்று நானும் கருதுகிறேன்.

குறைந்தபட்ச நீளத்தை வரையறுக்கும் ‘ஹைஃபனேட்-லிமிட்-கேர்ஸ்’ என்னும் பண்பில் ஒரு கவனம் தேவை. அது நம் எழுத்துக் கணக்கைப் பின்பற்றுவதில்லை. ‘கொடுத்தான்’ நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் பத்துக் குறியெண்கள். பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் 5, 2, 2 என்னும் மதிப்புகளை (முழுச் சொல்லின் நீளம், முறிவுக்கு முன் நிற்பது, பின் நிற்பது) தமிழுக்கு அப்படியே இட்டால் சிறு சொற்களும் துண்டாகும். 10, 4, 4 என்ற அளவில் தொடங்கி, உங்கள் பக்கத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஐயா கேட்டதற்கும் விடை சொல்கிறேன். மேலே போன வரிகளை அவிழ்த்துச் சமன் செய்யும் முறையைக் கனூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் கட்டுரையாக வெளியிட்டார்கள்; டெக் அவ்வாறுதான் பத்தியை அமைக்கிறது. உலாவிகளோ வேகம் கருதி, ஒவ்வொரு வரியையும் நிரப்பிவிட்டுத் திரும்பிப் பாராமல் அடுத்ததற்குப் போய்விடுகின்றன. 2023இல் குரோம் உலாவியில் சேர்ந்த ‘டெக்ஸ்ட்-ராப்: பிரிட்டி’ என்னும் மதிப்பு பத்தியின் கடைசி வரிகளை மட்டும் சற்றுக் கவனித்து, ஒற்றைச் சொல் தனித்து நிற்பதைத் தவிர்க்கிறது. பத்திகளுக்கு அதை இடலாம். அறியாத உலாவி பேசாமல் கடந்து போய்விடும்.

ஈயக்கோப்பாளர்

நல்ல விளக்கம். ஒரு வேண்டுகோள் மட்டும்: தலைப்புகளிலும் மக்கள் பெயர்களிலும் சொல்லைப் பிரிக்காதீர்கள். நன்கொடையாளர் பட்டியலிலும் நினைவஞ்சலிப் பக்கத்திலும் ஒருவருடைய பெயரை இரண்டாக வெட்டி அச்சிட்டால் குடும்பத்தார் மனம் வருந்தும். எங்கள் அச்சகத்தில் அத்தகைய பக்கங்களை மூத்தவர் ஒருவர் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புவோம்.

தோட்டப்பதிவர்

கட்டாயம் கவனிக்கிறோம், ஐயா. ஆனால் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்களின் திரையில், தகப்பனார் பெயரும் சேர்ந்த நீண்ட பெயர் ஒரே வரியில் அடங்காமல் திரைக்கு வெளியே போய்விடாதா?

இணையத்தச்சர்

‘ஒயிட்-ஸ்பேஸ்: நோராப்’ இட்டால் அப்படித்தான் ஆகும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பெயரையும் ஒரு ‘ஸ்பேன்’ கூட்டுக்குள் வைத்து, அதற்கு ‘டிஸ்பிளே: இன்லைன்-பிளாக்’ என்பதையும் ‘ஹைஃபன்ஸ்: நன்’ என்பதையும் இடுங்கள். மீதி வரியில் இடம் போதாவிட்டால் பெயர் முழுவதும் அடுத்த வரிக்கு இறங்கும். ஒரு முழு வரியிலும் அடங்காத அளவுக்கு நீண்டிருந்தால் மட்டும், தகப்பனார் பெயருக்கு முன்னுள்ள வெற்றிடத்தில் முறியும். மறைந்த சிறுகோட்டை இடும் நிரலிடமும் அந்தக் கூடுகளையும் தலைப்புகளையும் தொடாமல் தாண்டிப் போகுமாறு சொல்லிவிடுங்கள்.